ஓடைத் தண்ணீரும் எலிக்காய்ச்சலும்: மொரிஷியஸில் எனக்கு நடந்தது

மழை விட்டதும் ஆற்றோரம், காட்டுப்பாதை, பாழடைந்த கரும்பாலை என்று கிளம்பிவிடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் தீவில் அப்படிப்பட்டவர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறோம். 2020இல் வாகாஷியோ கப்பல் பவளப்பாறையில் ஏறி நின்று எண்ணெய் கசிந்தபோது, மஹேபூர் கரையில் கரும்புச் சோகையைத் துணியில் அடைத்து மிதவை கட்டினோம். அன்று கையில் கறுப்பு எண்ணெயோடு நின்ற பலருக்கு அதற்குப் பிறகு வீட்டில் சும்மா உட்கார முடியவில்லை. எனக்கும் அப்படித்தான். ஆரம்பப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுப்பது என் வேலை. சனி, ஞாயிறு வந்தால் ஒரு நோட்டும் கேமராவும் எடுத்துக்கொண்டு ஏதாவது ஓர் இடத்துக்குப் போவேன். என்ன மரம் நிற்கிறது, எந்த வாய்க்கால் அடைபட்டிருக்கிறது, எங்கே யார் குப்பை கொட்டியிருக்கிறார்கள், பழைய கட்டடத்தில் எந்தப் பக்கம் விரிசல் என்று குறித்து வருவேன். அதை வைத்து மாவட்ட மன்றத்துக்குக் கடிதம் எழுதுவேன்.

பாறை வழுக்கும், இருட்டுவதற்குள் இறங்கிவிடு, புயல் எச்சரிக்கை வந்தால் மலைப்பக்கம் போகாதே என்று எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள். தண்ணீரைப் பற்றி ஒருவர்கூடச் சொன்னதில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2024 ஜனவரி 15ஆம் தேதி பெலால் புயல் எங்களைத் தொட்டுக்கொண்டு போனது. போர்ட் லூயி தெருக்களில் நின்ற கார்களை வெள்ளம் இழுத்துப்போனதைப் பலரும் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். ஊர் ஓரளவு அடங்கியதும் எனக்கு ஒரே கவலை, நான் கொஞ்ச காலமாகக் கவனித்துவந்த ஒரு பழைய ஆலைப் புகைபோக்கி நிற்கிறதா விழுந்துவிட்டதா என்று. வடக்கே கரும்புக் காட்டுக்கு நடுவில் இருக்கிறது அது. அங்கே குடியிருப்பவர்கள்மேல் பழி விழக்கூடாது என்பதால் ஊர்ப் பெயரை விட்டுவிடுகிறேன். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்தச் சின்னத் தீவில் 200க்கும் மேற்பட்ட சர்க்கரை ஆலைகள் ஓடின. இன்று ஓடுபவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. மற்றவற்றில் மிஞ்சியது இந்தப் புகைபோக்கிகள்தான். 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாக வந்திறங்கிய நம் முன்னோர்கள் போர்ட் லூயித் துறைமுகத்தில் ஆப்ரவாசி காட் என்ற இறங்குதுறைப் படிகளில் ஏறி இப்படிப்பட்ட ஆலைகளுக்குத்தான் போனார்கள். படிக்கட்டுக்கு 2006இல் யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்துவிட்டது. ஆலைகளில் சில தேசிய மரபுச் சின்னப் பட்டியலில் இருக்கின்றன. பல கேட்பாரற்றுக் கிடக்கின்றன. நான் சொல்கிற புகைபோக்கியின் அடியில் ஓர் ஆலங்கன்று வேர்விட்டிருக்கிறது. கருங்கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே பவளத்தைச் சுட்டு அரைத்த சுண்ணாம்பு. அந்தச் சுண்ணாம்பைத் தின்றுகொண்டு வேர் உள்ளே போகிறது. ஒவ்வொரு தடவையும் ஒரே கல்லைப் படம் எடுப்பேன், எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள.

அந்தக் கல்லைப் பார்க்க ஓடையைத் தாண்டவேண்டும். சாதாரண நாளில் கணுக்கால்வரை தண்ணீர் ஓடும். அன்று முழங்கால்வரை, பால் டீ நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மேட்டில் யாரோ கொட்டிய மூட்டைகள் வெள்ளத்தில் உருண்டு வந்து மரக்கிளையில் மாட்டி, வாய் கிழிந்து கிடந்தன. அழுகிய சோறு, கோழிக் கழிவு, குழந்தைகளின் டயப்பர். அதைச் சுற்றி ஈரமண்ணில் எலிக்கால் தடம், கோலப்புள்ளி வைத்தமாதிரி. அதையும் படம் எடுத்துக்கொண்டேன், புகார்க் கடிதத்துக்கு உதவும் என்று. என் குதிகாலில் செருப்பு வார் உரசி ஒரு கொப்புளம் உடைந்திருந்தது. மிளகு அளவுகூட இருக்காது. அது ஒரு காயம் என்றே யாருக்கும் தோன்றாது. ஓடையில் இறங்கித் தாண்டிக் கல்லைப் பார்த்தேன். கரையில் நின்று மூட்டைகளை இழுத்து ஒதுக்கிவிட்டு, காலைத் துடைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். கல் நகரவில்லை என்ற சந்தோஷம் எனக்கு.

தைப்பூசம் அந்த வருடம் ஜனவரி 25. காலையில் காவடி பார்க்கக் கிளம்ப எழுந்தால் உடம்பு தூக்கிப்போடுகிறது. குளிர், அதோடு தலைவலி, கண்ணுக்குப் பின்னால் யாரோ கட்டைவிரலால் அழுத்துகிற வலி. எல்லாவற்றையும்விடக் கொடுமை கெண்டைக்கால் வலி. படுக்கையிலிருந்து குளியலறைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போனேன். விரலால் தொட்டாலே கத்தத் தோன்றியது. கண்ணாடியில் பார்த்தால் கண் இரண்டும் சிவந்திருந்தன. கண்வலிபோலப் பீளை எதுவும் இல்லை, வெறும் சிவப்பு. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் பீளையில்லாத கண்சிவப்பும் சேர்ந்து வந்தால் இந்த நோயைச் சந்தேகிக்கவேண்டும் என்று பின்னால் மருத்துவர் சொன்னார்.

நான் ரோஸ்ஹில்லில் தனியாக இருக்கிறேன். அம்மா காலமாகிவிட்டார்கள், தம்பி பிரான்ஸில். பக்கத்து வீட்டு அக்கா கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு, "டெங்குதான் ஊரெல்லாம் ஓடுது, டாக்டரைப் பாத்துடு" என்றார்கள். அவர்கள் சொன்னதில் தவறில்லை, அந்த மாதங்களில் தீவு முழுக்க டெங்கு பரவிக்கொண்டிருந்தது. நான் போன தனியார் மருத்துவரும் அதையே நினைத்தார். கொசு கடித்ததா, வீட்டருகே தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று கேட்டார். பாராசிட்டமால் எழுதினார், கால் வலிக்கு ஓர் ஊசி போட்டார். ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் குறைவு. டெங்குச் சோதனையில் டெங்கு இல்லை. "சில சமயம் அப்படி வரும், வைரஸ் காய்ச்சல்தான்" என்றார். கட்டணமும் சோதனையும் சேர்த்து 5,800 மொரிஷியஸ் ரூபாய். அந்த ஊசி எந்த மருந்து என்று நான் கேட்டு வைத்திருந்ததால் பின்னால் உதவியது. காரணம் தெரியாத காய்ச்சலில், அதுவும் டெங்குவோ எலிக்காய்ச்சலோ இருக்கலாம் என்ற காலத்தில், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை வலிமருந்துகளைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். டெங்குவில் ரத்தக்கசிவு பயம், எலிக்காய்ச்சலில் சிறுநீரகத்துக்குச் சுமை. மருந்துக்கடையில் நீங்களே வாங்கும்போதும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

காய்ச்சல் கொஞ்சம் இறங்கியது. சரியாகிவிட்டது என்று நினைத்து நோட்டுகூடத் திருத்த உட்கார்ந்தேன். இந்த நோய் அப்படி ஓர் இடைவெளி கொடுத்து ஏமாற்றுமாம். மறுபடி ஏறியபோது வாந்தி நிற்கவில்லை, சிறுநீர் தேயிலைச்சாயம்போல வந்தது, அதுவும் கொஞ்சம்தான். பயந்துபோய் ஒரு தனியார் கிளினிக்கில் சேர்ந்தேன். முன்பணம் 30,000 ரூபாய் கட்டினால்தான் படுக்கை. ட்ரிப் ஏற்றினார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், மஞ்சள்காமாலை என்று ஒரு பக்கம், பித்தப்பைக் கல்லாக இருக்கலாம் என்று ஒரு பக்கம். வெளியே வரும்போது பில் 71,400. அங்கே இருந்தவர்கள் அன்பாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் நான் எங்கே போனேன், என்ன செய்தேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கும் காய்ச்சலுக்கும் அந்த ஓடைக்கும் ஒரு முடிச்சு இருக்கும் என்று எப்படித் தெரியும்? சிறுநீரகக் கோளாறைக் காட்டுகிற ரத்த அளவு ஏறிக்கொண்டே போனதும், டயாலிசிஸ் தேவைப்படலாம், செலவு தாங்காது, அரசு மருத்துவமனைக்கு மாறிவிடுங்கள் என்றார்கள்.

அரசு மருத்துவமனையில் இரவுப் பணியிலிருந்த ஒரு தாதிதான் என் கண்ணைக் கீழிமை இழுத்துப் பார்த்தார். கெண்டைக்காலை அழுத்தினார், நான் அலறினேன். எங்கள் தீவின் பேச்சுமொழியான க்ரியோலில் கேட்டார், "மிஸ், இந்த மாசம் ஆத்துல, கரும்புத் தோட்டத்துல, சகதில எங்கேயாவது இறங்கினீங்களா?" ஓடை, மூட்டை, எலிக்கால் தடம், எல்லாவற்றையும் சொன்னேன். ஓடிப்போய் மருத்துவரை எழுப்பிக் கூட்டிவந்தார். அந்தம்மாவின் அப்பா கரும்பு வெட்டுகிறவராம், அவருக்கும் இதே காய்ச்சல் வந்திருக்கிறது. சோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் அன்றிரவே நரம்பு வழியாக ஆண்டிபயாடிக் ஆரம்பித்தார்கள். லெப்டோஸ்பைரோசிஸ் என்று முடிவு வந்தது பிறகுதான். தமிழில் எலிக்காய்ச்சல்.

அந்த இரவை மறக்கமுடியவில்லை. வார்டில் விசிறி ஓடிக்கொண்டிருந்தது, பக்கத்துப் படுக்கைக் கிழவி ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். நான் தம்பிக்கு போன் செய்யலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே கிடந்தேன். டயாலிசிஸ் என்றால் வாழ்நாள் முழுக்கவா, வேலை போய்விடுமா, யார் என்னைக் கூட்டிப்போவார்கள் என்று. செத்துப்போவேன் என்றுகூடத் தோன்றியது. அழுதேன். விடியற்காலையில் சிறுநீர் அளக்கிற பாட்டிலைத் தூக்கிப் பார்த்து அந்தத் தாதி, "கூடியிருக்கு மிஸ்" என்றார். டயாலிசிஸ் இல்லாமலே தப்பித்தேன்.

நோயைப் பற்றி நான் தெரிந்துகொண்டதைச் சொல்லிவிடுகிறேன். எலி, நாய், பன்றி, மாடு இவற்றின் சிறுநீரில் வெளிவருகிற ஒரு நுண்ணுயிர் இது. ஈரமண்ணிலும் நன்னீரிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். கடல்நீரில் தாக்குப்பிடிப்பது கடினம். தோலில் சிறு கீறல், ஊறிப்போன கால், கண், வாய், மூக்கு, எது கிடைத்தாலும் உள்ளே போய்விடும். தண்ணீரில் இறங்கி இரண்டு நாள் முதல் நாலு வாரம் வரைக்குள் எப்போது வேண்டுமானாலும் காய்ச்சல் வரலாம், பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில். பலருக்குச் சாதாரணக் காய்ச்சலாக வந்து போய்விடும். சிலருக்குத்தான் கல்லீரல், சிறுநீரகம், நுரையீரல் வரை போகிறது. உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் பேருக்கு வருகிறது, 60,000 பேர்வரை இறக்கிறார்கள் என்று ஒரு மதிப்பீடு. ஆரம்பத்தில் பிடித்தால் டாக்சிசைக்ளின், பெனிசிலின் போன்ற விலை குறைந்த, எங்கும் கிடைக்கும் மருந்துகளே போதும். எனக்கு வயிற்றெரிச்சல் அதுதான். பக்கத்து ரெயூனியன் தீவில் மழைக்காலம் வந்தால் சுகாதாரத் துறை ஆண்டுதோறும் இதைப்பற்றி எச்சரிக்கிறது. நம் வீடுகளில் இதன் பெயரே பலருக்குத் தெரியாது.

ஆகவே, காய்ச்சலோடு மருத்துவரிடம் போனால் அவர் கேட்கட்டும் என்று இருக்கவேண்டாம். உட்கார்ந்ததும் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்: இன்ன தேதியில் இன்ன ஓடையில் இறங்கினேன், காலில் காயம் இருந்தது, அங்கே எலி உண்டு, எலிக்காய்ச்சலாக இருக்குமா பாருங்கள் என்று. காய்ச்சலில் நாக்கு குழறும், அதனால் ஒரு தாளில் எழுதி எடுத்துப்போனால் இன்னும் நல்லது. நான் இப்போது போகிற ஒவ்வோர் இடத்துக்கும் நோட்டில் "தண்ணீர்" என்று ஒரு பத்தி வைத்திருக்கிறேன், இறங்கினேனா, எதுவரை, காயம் இருந்ததா என்று. சோதனை விஷயத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. முதல் வாரத்தில் ரத்தத்தில் கிருமியையே தேடுகிற பிசிஆர் சோதனை உதவும். கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்குகிற எதிர்ப்புப்பொருளைத் தேடுகிற சோதனை அப்போது நோய் இல்லை என்று காட்டிவிடலாம், அதை நம்பி நிம்மதியாக இருந்துவிடக்கூடாது. சந்தேகம் பலமாக இருந்தால் முடிவு வருமுன்பே மருந்து தொடங்குவதுதான் முறை. சிறுநீர் குறைவது, கண் மஞ்சளாவது, மூச்சு வாங்குவது, இருமலில் ரத்தம், இதில் ஒன்று வந்தாலும் தனியார் இடங்களில் அலையாமல் நேராக அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். மொரிஷியஸில் அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம். தீவிர சிகிச்சையும் டயாலிசிஸும் அங்கேதான் கைக்கெட்டும்.

என் கணக்கு இது. மருத்துவர், சோதனை, கிளினிக் எல்லாம் சேர்த்து 77,200 ரூபாய். வீட்டுக்கு வந்தபிறகும் மாடிப்படி ஏறினால் நடுவில் உட்காரவேண்டியிருந்தது. மருத்துவ விடுப்பு தீர்ந்து சம்பளமில்லா விடுப்பில் போனேன். மாலை ட்யூஷன் பிள்ளைகள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள், அதில் சுமார் 26,000 போயிற்று. மொத்தம் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. உடம்பு பழைய நிலைக்கு வர மாதங்கள் ஆயின. சோர்வோடு ஒரு மனத்தளர்ச்சியும் கூடவே இருந்தது, மழைச்சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்கும். அதுவும் இந்த நோயிலிருந்து எழுந்தவர்கள் பலருக்கு வருவதுதான் என்று தெரிந்தபிறகே கொஞ்சம் தேறினேன். வேலைக்குத் திரும்ப அவசரப்படாதீர்கள்.

அதற்காக ஊர்சுற்றுவதை நான் விடவில்லை, நீங்களும் விடவேண்டியதில்லை. முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், கனமான கையுறை, நீர்புகாத பிளாஸ்டர், ஒரு சோப்பு, இரண்டு லிட்டர் குழாய்த்தண்ணீர், இவை என் பையில் எப்போதும் இருக்கின்றன. கிளம்புமுன் பாதத்தை விளக்கடியில் பார்த்து, சின்னக் கீறலுக்கும் பிளாஸ்டர் ஒட்டுகிறேன். ஓடையைத் தாண்டியதும் அங்கேயே சோப்புப் போட்டுக் கழுவுகிறேன், வீடு வரட்டும் என்று வைப்பதில்லை. மலை ஓடைத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் குடிப்பதில்லை. கனமழைக்குப் பிறகு ஆற்றோரத்தை ஒன்றிரண்டு வாரம் ஒத்திப்போடுகிறேன். வெள்ளத்துக்குப் பிறகு கட்டாயம் சேற்றில் இறங்கி வேலை செய்யவேண்டியவர்கள், முன்கூட்டியே எடுக்கிற டாக்சிசைக்ளின் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் அது பொதுவாகக் கொடுப்பதில்லை, ஆகவே கேட்காமல் எடுக்கக்கூடாது. வீட்டு நாய்க்கு இதற்குத் தடுப்பூசி இருக்கிறது, அதையும் போட்டுவிடுங்கள்.

மழை மாதங்களில் போக வேறு நல்ல இடங்கள் இருக்கின்றன. தெர் ரூஜ் முகத்துவாரப் பறவைகள் சரணாலயத்தில் வடக்கேயிருந்து வலசை வருகிற கரைப்பறவைகள் அப்போதுதான் நிறைந்திருக்கும், மேடையில் நின்றே பார்க்கலாம். மஹேபூருக்கு எதிரே ஈல்-ஓ-ஸெக்ரெத் தீவுக்கு வழிகாட்டியோடு படகில் போகலாம். வெறும் 26 ஹெக்டேர்தான், ஆனால் கருங்காலி மரமும் இளஞ்சிவப்புப் புறாவும் அங்கே பிழைத்திருக்கின்றன. அந்தத் தீவில் எலியை அறவே ஒழித்தபிறகுதான் புறா அங்கே வாழ முடிந்தது. மனிதர் வருமுன் வௌவாலைத் தவிர வேறு நிலப்பாலூட்டியே இல்லாத நாடு இது. கப்பலில் வந்த எலி பறவை முட்டையைத் தின்றது, பல்லியைத் தின்றது, இப்போது நாம் கொட்டுகிற சோற்றில் கொழுத்து நம் சிறுநீரகத்துக்கும் வந்துவிட்டது. ஆற்றங்கரைக் குப்பையைப் பற்றிப் பேசும்போது இனி நான் அழகைப் பற்றிப் பேசுவதில்லை. என் மருத்துவமனைச் சீட்டைக் காட்டுகிறேன். சுற்றுச்சூழல் காவல் பிரிவுக்கும் மாவட்ட மன்றத்துக்கும் எழுதுகிற கடிதங்களில் அதன் நகலையும் இணைக்கிறேன்.

இன்னொரு விஷயம் காவடி. தைப்பூசம் விழுவது சரியாக மழை உச்சத்தில். ஆற்றங்கரையில் முழுகி, அங்கேயே அலகு குத்திக்கொண்டு, வெறுங்காலோடு கோயில்வரை நடக்கிறோம். என் தாத்தா எடுத்த காவடி, என் தம்பி எடுத்த காவடி, அதில் ஒரு முடிகூட மாறவேண்டாம். தண்ணீரை மட்டும் பார்த்துக்கொள்ளவேண்டும். எங்கள் கோயில் குருக்களிடம் போய்ப் பேசினேன். "ஆத்துத் தண்ணி தீர்த்தம்மா, அதுல நோய்னு சொன்னா ஜனங்க மனசு கஷ்டப்படும்" என்றார். "தீர்த்தம்தான் சாமி, அதுல மூட்டையைக் கட்டிப் போடுறவங்க இருக்காங்களே, அதுக்குத்தான் வந்தேன்" என்று படங்களைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கமிட்டித் தலைவருக்கு அவரே போன் போட்டார். இப்போது விழாவுக்கு முந்தைய வாரம் இளைஞர்கள் மேலோடையில் குப்பையை எடுக்கிறார்கள். கரையில் ஒரு லாரித் தொட்டி நிற்கிறது, முழுகி எழுந்தவர்கள் அலகு குத்துமுன் குழாய்த்தண்ணீரில் ஊற்றிக்கொள்கிறார்கள். கோயில் வாசலில் கால் கழுவ சோப்பும், வெட்டுக்காயத்துக்குப் பிளாஸ்டரும் வைத்திருக்கிறார்கள். ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் ஆற்றில் முழுகியதை மருத்துவரிடம் சொல்லுங்கள் என்று ஒலிபெருக்கியில் தமிழிலும் க்ரியோலிலும் சொல்கிறார்கள்.

புகைபோக்கி ஓடையில் மூட்டைகள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. கடிதத்துக்குப் பதில் வரவில்லை, மறுபடி எழுதியிருக்கிறேன். மே மாதம் மழை ஓய்ந்ததும் அங்கே ஒரு சனிக்கிழமை சுத்தம் செய்யப் போகிறோம். பூட்ஸ் இல்லாதவர்களுக்குக் கொடுக்க என்னிடம் சில ஜோடிகள் இருக்கின்றன. கையுறை மட்டும் அவரவர் அளவுக்கு வாங்கிக்கொண்டு வாருங்கள்.